ஒரே வேர்த்தூள்: ஒரு பாட்டிலில் சாயம் போய்விட்டது, இன்னொன்றில் அப்படியே நிற்கிறது. ஏன்?

முடிச்சுக்காரன் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை நிலையூர் கைத்தறி நகரில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறோம். தாத்தா காலத்துத் தொழில். வீட்டுப் பெண்கள் முடிச்சுப் போடுவார்கள். கொல்லையில் இருக்கும் தகரக் கொட்டகையில் நானும் வேலைக்கு வரும் தம்பி ஒருவனும் சாயத்தைப் பார்த்துக்கொள்வோம். பட்டறை என்று சொல்லக் கூச்சமாக இருக்கும், அவ்வளவு சின்னது. நான்கு சிமெண்டுத் தொட்டி, ஒரு அண்டா, ஒரு விறகடுப்பு, அவ்வளவுதான். ஒரு ஈட்டுக்கு 12 சேலை, ஏறக்குறைய 5 கிலோ துணி. சாயத்தொட்டிக்கு 100 லிட்டர், அப்புறம் ஐந்து அலசல். எல்லாம் சேர்த்து 600 லிட்டர் தண்ணீர் வெளியே போகிறது.

எங்கே போகிறது என்றுதானே கேட்பீர்கள். வாய்க்காலில்தான். ஒளிக்க ஒன்றுமில்லை. போன ஐப்பசி மழையில் வாய்க்கால் அடைத்துக்கொண்டு தெருவில் ஏறியது. விடிந்து பார்த்தால் பக்கத்து வீட்டு வாசல் கோலம் முழுக்க ரோஸ் கலர். அந்த அம்மா சண்டைக்கு வரவில்லை. என்னைக் கூப்பிட்டு, கோலத்தைக் காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

என் மகள் கல்லூரியில் மூன்றாம் வருடம் வேதியியல் படிக்கிறாள். "அப்பா, ஆகாயத்தாமரை வேர் சாயத்தைப் பிடித்துக்கொள்ளுமாம்" என்றாள். வைகையில் அதற்கா பஞ்சம்? ஆரப்பாளையம் பக்கம் இறங்கி இரண்டு சாக்கு நிறைய அள்ளி வந்தோம். முதலில் செடியை அப்படியே அலசல் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டேன். மறுநாள் இலை ஓரம் கருகியது. நாலாம் நாள் மொத்தமும் கொழகொழவென்று அழுகி, சாய நாற்றத்தோடு சாக்கடை நாற்றமும் சேர்ந்துகொண்டது.

சரி என்று மிச்சமிருந்த செடிகளின் வேரை மட்டும் நறுக்கி, கழுவி, மொட்டைமாடியில் ஆறு நாள் காயவைத்தேன். இரண்டு சாக்குச் செடிக்கு ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு அளவு வேர்தான் தேறியது. மாவு மில்லில் கொடுத்து அரைத்தேன். என்ன சாமான் என்று மில்லுக்காரர் கேட்டதற்கு "மூலிகை" என்று சொல்லிவிட்டேன். அடுத்து அரைக்க வந்தவரின் மிளகாய்த்தூளில் ஆற்று நாற்றம் அடித்ததில் குட்டு உடைந்தது. அது வேறு கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் எடுத்தோம். ஒன்றில் எங்கள் சிவப்பு ரியாக்டிவ் சாயத்தின் (பருத்தி இழையோடு பிணைகிற ரகம்) அலசல் தண்ணீர். இன்னொன்றில், தெரிந்த அக்கா ஒருவர் ஓலைப்பெட்டி முடைகிறார், அவர் ஓலைக்குப் போடுகிற மெஜந்தா சாயத் தண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு டீஸ்பூன் தூள். மூடிக் குலுக்கி வைத்தோம். மெஜந்தா பாட்டில் அரை மணி நேரத்தில் வடித்த கஞ்சி மாதிரி வெளுத்துவிட்டது. தூள் மட்டும் குங்குமமாக அடியில் கிடக்கிறது. மகள் குதிக்காத குறை. எங்கள் சிவப்பு பாட்டில்? இரண்டு நாள் ஆகியும் அசையவில்லை. போதாததற்கு டிகாஷன் கலர் வேறு ஏறியிருக்கிறது.

ஒரே தூள், குலுக்கியதும் ஒரே கை. எங்கே கோளாறு? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய லேப்காரர்:

தூளில் கோளாறு இல்லை தம்பி, சாயம்தான் வேறு ரகம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் பாட்டில் கழுவியவன் நான், கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. இங்கே நடப்பது உறிஞ்சுவது இல்லை. பஞ்சு தண்ணீரைக் குடிக்கிறதே, அது உறிஞ்சுவது. ஈரக் கையில் கோதுமை மாவு ஒட்டுகிறதே, அந்த மாதிரி மேல்தோலில் பிடித்துக்கொள்வதைப் பாடப்புத்தகத்தில் பரப்புக் கவர்தல் என்று போட்டிருப்பார்கள். ஒட்டுவதற்கு இடம் வேண்டும், ஒட்டுகிறவனுக்கும் ஒட்டப்படுகிறவனுக்கும் பொருத்தம் வேண்டும். வேர்த்தூளின் மேற்பரப்பில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைய உண்டு. தண்ணீரில் போட்டதும் கார்பாக்சில் தன் ஹைட்ரஜனை விட்டுவிட்டு எதிர்மின்சுமையோடு நிற்கும். மெஜந்தா போன்ற காரச் சாயங்கள் நேர்மின்சுமை உள்ளவை. ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். மெத்திலீன் நீலம் என்ற இதே ரகச் சாயத்தை ஆகாயத்தாமரை வேர் கிராமுக்கு நூறு மில்லிகிராமுக்கு மேலேயே பிடித்திருக்கிறது. ஆய்வுக்கட்டுரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த நீலத்தை வைத்தே எழுதுவார்கள், ஏனென்றால் அது சொன்ன பேச்சைக் கேட்கும்.

உங்கள் ரியாக்டிவ் சாயத்தில் சல்போனேட் தொகுதிகள் இருக்கின்றன. அதுவும் எதிர்மின்சுமை, வேரும் எதிர்மின்சுமை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். போதாக்குறைக்கு நீங்கள் சோடா சாம்பல் போட்டுத் தண்ணீரின் பி.எச். அளவை (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 10, 11க்கு ஏற்றிவைத்திருக்கிறீர்கள். அங்கே வேரின் எதிர்மின்சுமை இன்னும் கூடுதல்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதே சிவப்புத் தண்ணீரை ஒரு டம்ளர் எடுத்து, வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பி.எச். தாளில் 3 வருகிற வரை இறக்குங்கள். பிறகு தூள் போடுங்கள். நிறம் ஓரளவு இறங்கும். அமிலத்தில் வேரின் மேற்பரப்பு ஹைட்ரஜனைத் திரும்ப வாங்கிக்கொள்ளும், சாயத்தைத் தள்ளாது.

டிகாஷன் கலர் வேரிலிருந்தே வருகிறது. தூளை வெந்நீரில் நாலைந்து தடவை அலசி, தெளிந்த தண்ணீர் வருகிற வரை விட்டு, காயவைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் சாயத்தை எடுக்கப் போய் வேறு அழுக்கைச் சேர்த்த கதைதான்.

இன்னொன்று. இடம் நிரம்பிவிட்டால் முடிந்தது. லாங்மூர் என்ற விஞ்ஞானி இதைப் பற்றி 1918இல் எழுதிய கணக்கு இன்றைக்கும் ஓடுகிறது. அவருடைய பஸ்ஸில் சீட்டுக்கு ஒருவர்தான், நின்றுகொண்டு போகிற பயணி கிடையாது.

புதூர்ப் பையன்:

அண்ணே, எங்க அப்பத்தா மண்பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார், கலங்கின தண்ணீர் தெளிந்துவிடும். அதைப் போட்டால் என்ன? இயற்கைதானே?

பழைய லேப்காரர்:

அப்பத்தா செய்தது சரி. ஆனால் கலங்கலில் இருப்பது மண் துகள். கொட்டை அதையெல்லாம் சேர்த்துக் கட்டி அடியில் உட்காரவைக்கும். முடிச்சுக்காரர் தம்பியின் சாயம் சர்க்கரை மாதிரி தண்ணீரோடு கரைந்து போய்விட்டது. உட்காரவைக்க அங்கே துகளே இல்லை.

கொடிக்கால்:

சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறேன். வேதியியல் எனக்குத் தெரியாது, செடியைத் தெரியும்.

தம்பி, வைகையில் அள்ளினேன் என்கிறீர்கள். அதைத் தண்ணீரில் வளர்ந்த செடி என்று நினைக்காதீர்கள். ஊர்ச் சாக்கடை வந்து சேருகிற இடத்தில்தான் அது கொழுத்துக் கிடக்கும். உலோகம் கிலோகம் எதைக் கலந்தாலும் வேரில் வாங்கி வைத்துக்கொள்ளும், அதனால்தானே உங்கள் மகள் அதைத் தேடினாள். ஏற்கெனவே அழுக்கைப் பிடித்த வேரை அரைத்துத்தான் அழுக்குப் பிடிக்க வைக்கிறீர்கள். மில்லுக்காரர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

அப்புறம், மிச்சச் செடியை என்ன செய்தீர்கள்? நிலையூர்க் கண்மாயில் மட்டும் போட்டுவிடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து பூ அழகுக்காக வந்த செடி. பக்கக்கன்று விட்டு இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் இயந்திரம் வைத்து அள்ளுகிறார்கள், அடுத்த வருடம் மறுபடி அதே பச்சைக் கம்பளம். விதை சேற்றுக்குள் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள்.

உங்கள் தூக்குக் கணக்கும் எனக்கு ஆச்சரியமில்லை. நூறு கிலோ பச்சைச் செடியில் தொண்ணூற்றைந்து கிலோ தண்ணீர்தான்.

உயிரோடு இருக்கிற செடிக்கு வேறு வேலை இருக்கிறது. எங்கள் வீட்டில் குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் இரண்டையும் ஒரு ஜல்லிக் குழிக்குள் விட்டு, மேலே கல்வாழை வைத்திருக்கிறேன். அழுக்கைத் தின்று பூவாகப் பூக்கிறது. அது சோற்றுத் தண்ணீர், சோப்புத் தண்ணீர். உங்களுடையது உப்பும் சோடாவும். எந்தச் செடியும் அதில் நாலு நாள்கூட நிற்காது, நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

ஒரு சந்தேகமும் வேண்டாம் என்பதற்காக: வெங்காயம் மாதிரி தண்டு உப்பி, ஊதாப் பூ பூப்பதா? அதுதான் நீங்கள் சொல்வது. முட்டைக்கோஸ் மாதிரி வட்டமாக மிதக்கிற இன்னொன்றையும் இங்கே ஆகாயத்தாமரை என்றே சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு.

நொய்யல்பக்கம்:

சொந்த ஊர் உசிலம்பட்டி. திருப்பூரில் சாயப்பட்டறை வேலைக்குப் போய் இருபது வருடம் ஆகிறது. நிறத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், உப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

அண்ணே, ஒரு ஈட்டுக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு சோடா?

முடிச்சுக்காரன்:

உப்பு 5 கிலோ, சோடா சாம்பல் 2 கிலோ. கைக்கணக்குதான், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

நொய்யல்பக்கம்:

அதில் எதுவும் துணியில் தங்காது. 7 கிலோவும் உங்கள் 600 லிட்டரோடு வெளியே போகிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 11,700 மில்லிகிராம். ஆற்றிலோ குளத்திலோ விடலாம் என்று சொல்லியிருக்கும் அளவு 2,100. வேர்த்தூள் போட்டுப் பச்சைத் தண்ணீராக வெளுக்கவைத்தாலும் இந்த உப்பு ஒரு கிராம் குறையாது. பார்க்கத் தெளிவாக இருக்கிறதே என்று யாராவது தென்னைக்குப் பாய்ச்சினால் அவ்வளவுதான்.

திருப்பூர் வழியே ஓடுகிற நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் திறந்தார்கள், விவசாயத்துக்காக. கடைசியில் அது சாயத்தண்ணீர்க் குட்டையாகி, விவசாயிகளே தண்ணீரைத் திறக்காதே என்று வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் வேலையில்லாமல் ஊருக்கு வந்து நாலு மாதம் ஆடு மேய்த்தேன். பிறகு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே விடக்கூடாது என்று சவ்வு வடிகட்டி, ஆவியாக்கும் கொதிகலன் எல்லாம் வந்தது. உங்கள் நான்கு தொட்டிக்கு அதெல்லாம் கட்டாது, அது தெரியும்.

உங்களால் முடிந்தது ஒன்று இருக்கிறது. தண்ணீரைக் கலக்காதீர்கள். ரியாக்டிவ் தவிர வாட், நாப்தால் ரகச் சாயங்களும் போடுவீர்கள் அல்லவா? வாட் சாயம், அதைக் கரைக்கப் போடுகிற ஹைட்ரோஸ் மருந்து இருக்கிற வரைதான் கரைந்திருக்கும். இரண்டு நாள் காற்றுப்பட விட்டுக் கிளறினால் மறுபடி கரையாத தூளாகி அடியில் உட்காரும். நாப்தாலும் அதற்கென்று போடுகிற நிற உப்போடு (சாப்பாட்டு உப்பு இல்லை) சேர்ந்து நிறம் பிறந்த பிறகு தண்ணீரில் கரையாது. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டால் பெரும்பங்கு படிந்துவிடும். அதற்கு வேரும் வேண்டாம், தாமரையும் வேண்டாம். ரியாக்டிவ் ஒன்றுதான் கரைந்தே நிற்கும். அதிலும் உப்பில் பெரும்பகுதி முதல் தொட்டி 100 லிட்டரில்தான் இருக்கும். பிழிந்த துணியோடு அலசலுக்குப் போவது கொஞ்சம்தான். அந்த 100 லிட்டரைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. லேப்கார ஐயா சொன்ன அமிலச் சோதனையை வாட் தொட்டித் தண்ணீரில் செய்துவிடாதீர்கள். ஹைட்ரோஸ் மேல் அமிலம் பட்டால் கந்தக நெடி நெஞ்சை அடைக்கும். எங்கள் பட்டறையில் ஒரு பையன் வாளியைக் கவிழ்த்துவிட்டு வெளியே ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

முடிச்சுக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. மில்லுக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

வினிகர் சோதனை பலித்தது. பி.எச். தாள் 3 காட்டியதும் வெந்நீரில் அலசிய தூளைப் போட்டேன். சாயங்காலத்துக்குள் சிவப்பு, வெளிறிய ரோஸாக இறங்கியது. மெஜந்தா அளவுக்குப் போகவில்லை, ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம். அந்த அம்மா வீட்டுக் கோலத்தில் பட்ட அதே ரோஸ். எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

இதை 600 லிட்டருக்குச் செய்தால் என்ன ஆகும் என்று மகள் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். 2 கிலோ சோடா சாம்பலை அடக்க 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறக்குறைய 4 லிட்டர் வேண்டும். இரண்டும் சேர்ந்து புதிதாக 2 கிலோவுக்கு மேல் உப்பு பிறக்கும். நொய்யல்பக்கம் தம்பி உப்பைக் குறைக்கச் சொன்னால் நான் உப்பு காய்ச்சப் போகிறேன். 5 கிலோ துணிக்கு நாங்கள் போடும் சாயம் 100 கிராம். அதில் 30 கிராம் துணியில் ஏறாமல் போகிறது என்று வைத்துக்கொண்டாள். தூள் கிராமுக்கு 10 மில்லிகிராம் பிடித்தால் ஒரு ஈட்டுக்கு 3 கிலோ தூள். அதற்கு 60 கிலோ பச்சைச் செடி, அதுவும் இலை தண்டு எல்லாம் சேர்த்து அரைத்தால். கணக்கு முடிந்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டு, "ப்ராஜெக்டுக்கு இது போதும்பா, பட்டறைக்குப் போதாது" என்றாள். மார்க் வந்துவிடும் போலிருக்கிறது.

வாட் தண்ணீரைத் தனித் தொட்டியில் விட்டு, காலையும் மாலையும் துடுப்புப் போட்டுக் கிளறினேன். மூன்றாம் நாள் காலையில் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் கருநீலச் சேறு, மேலே இளமஞ்சள் தண்ணீர். எத்தனை வருடமாக இதைக் கிளறாமல் அப்படியே வாய்க்காலில் திறந்துவிட்டிருக்கிறேன்! அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு எங்கள் சௌராஷ்ட்ர மொழியில் சொன்னதைத் தமிழில் எழுதினால் "அத்தனையும் காசு" என்று வரும்.

ரியாக்டிவ் முதல் தொட்டிக்கு வேறு ஏற்பாடு. கொட்டகைக்குப் பின்னால் ஆறடிக்கு ஆறடி, செங்கல் இரண்டு வரிசை அடுக்கி, கறுப்புத் தார்ப்பாய் விரித்து ஆழமில்லாத தொட்டி கட்டினேன். 100 லிட்டர் ஊற்றினால் மூன்று சென்டிமீட்டர் நிற்கிறது. மதுரை வெயிலுக்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்துவிட்டேன். மகளின் ஸ்கேலை நட்டு வைத்துப் பார்த்ததில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் இறங்குகிறது. ஆறேழு நாளில் அடியில் சிவப்பு உப்பு மட்டும் பொருக்குத் தட்டுகிறது. ரியாக்டிவ் ஈட்டை வாரத்துக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டேன், தொட்டி தாங்குகிறது. ஐப்பசியில் மழை வந்தால் என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. மேலே தகரம் போட்டால் வெயில் விழாது, போடாவிட்டால் மறுபடி கோலம். அலசல் தண்ணீர் இப்போதும் வாய்க்காலுக்குத்தான் போகிறது. முன்னைவிட வெளுப்பு, உப்புக் குறைவு, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மிச்சமிருந்த வேர்த்தூள் அத்தனையையும் ஓலைப்பெட்டி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு வாரத்துக்கு ஒரு வாளி மெஜந்தாத் தண்ணீர்தான். இரண்டு கைப்பிடி போட்டால் மறுநாள் வெளுத்துவிடுகிறது. பிடித்த தூளை எருக்குழியில் போடாதீர்கள் என்று சொல்லி, ஒரு பழைய டால்டா டின்னில் மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். தீர்ந்தால் அம்மியில்தான் அரைத்துக்கொள்ள வேண்டும்.

நொய்யல்பக்கம் தம்பிக்கு ஒரு கேள்வி. சிவப்பு உப்பு ஒரு உரச்சாக்கில் பாதி சேர்ந்திருக்கிறது, கருநீலச் சேறு காய்ந்தது ஒரு வாளி. இதை முறையாக வாங்கிப் புதைக்கிற இடங்களில் லாரி லோடு கணக்கில்தான் பேசுகிறார்கள். கிலோ கணக்கில் வாங்குவார்களா? நாலைந்து பட்டறைக்காரர்கள் சேர்ந்து கொடுத்தால் எடுப்பார்களா? எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று பேர் தொட்டி கட்டலாம் என்கிறார்கள். சாக்கை எங்கே வைப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.